வாயின் திசை: வளைந்த வாள்கள் குறித்து ஒரு பேராக் நோக்கு

பேராக் அரச மரபின் சின்னங்களுள் தலைமை வாய்ந்த ஒன்று ஒரு வாள். அதன் பெயர் ‘சுரா சி மஞ்சா கினி’. மலாக்காவின் கடைசிச் சுல்தானுடைய மகன் முசபர் ஷா 1528ஆம் ஆண்டில் பேராக்கில் ஆட்சியைத் தொடங்கியபோது, மலாக்கா மரபின் உரிமைச் சின்னமாக அது இங்கு வந்தது என்பது வழிவழிச் செய்தி. இன்றும் கோலகங்சாரில் சுல்தான் அரியணை ஏறும்போது அதனைத் தரித்துக்கொள்வது மரபு. ‘செஜாரா மெலாயு’ இவ்வாளின் கதையை இன்னும் பின்னே கொண்டு செல்கிறது. செகுந்தாங் மலையில் தோன்றிய சாங் சபுர்பா என்னும் இளவரசனின் வாள் அது. மினங்கபாவில் ‘சக்திமுனா’ என்னும் பெரும்பாம்பை வெட்டியபோது அதன் வாய் பலவிடங்களில் முரிந்தது என்று கதை கூறும்.

நாம் மொழியியல் பயின்றவர்கள். வாளைக் காணுமுன் அதன் பெயர்தான் நம் கண்ணில் படுகிறது. ‘சுரா’ என்பதனை வடமொழிச் ‘சுரிகா’ என்பதன் திரிபாகவும், ‘மஞ்சா கினி’ என்பதனை ‘மந்தாகினி’, அஃதாவது வானகங்கை, என்பதன் திரிபாகவும் ஆய்வாளர் கொள்வர். அச் ‘சுரிகா’வே தமிழில் ‘சுரிகை’. உடைவாள் என்று அகராதி பொருள் தரும். சாவகத்தின் இலக்கிய வழக்கில் அதே சொல் ‘சுரிக’ என நின்று கிரிஸ் என்னும் குத்துவாளைக் குறிக்கிறது. ஒரு சொல் மூன்று கரைகளில் ஒதுங்கி, ஓரிடத்தில் இடைக்கத்தியையும், ஓரிடத்தில் அலைபோல் நெளிந்த குத்துவாளையும், ஓரிடத்தில் அரசுரிமை வாளையும் குறித்து நிற்கிறது. சொல் கடல் கடந்தது. வடிவம் அதனோடு கடக்கவில்லை. எனவே பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாள் எப்படி வளைந்திருந்தது, எப்படிக் கையாளப்பட்டது என்று சொல்ல முற்படுவது பிழைபடும். இவ்வுரையில் இரும்பையும் சொல்லையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் நம் சொற்கள். ‘வாள்’ என்பது தமிழில் போர்க்கருவியை மட்டும் குறிப்பதன்று. ஈழத் தமிழர் மரம் அறுக்கும் இரம்பத்தை வாள் என்றே சொல்வர். தொடர்வண்டித் துறையிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரிய வந்து ஈப்போவிலும் தைப்பிங்கிலும் குடியேறிய யாழ்ப்பாணத்தார் வீடுகளில் இவ்வழக்கைக் கேட்கலாம். மலையாளத்தார் இரம்பத்தை ‘அறக்கவாள்’ என்பர். பழந்தமிழில் ‘ஈர்வாள்’ உண்டு; ஈர்தல் என்றால் இழுத்து அறுத்தல். அரியும் வாள் அரிவாள். கொய்யும் வாள் கொய்வாள். வீசி வெட்டுவது வீச்சரிவாள். பனையேறி பாளையைச் சீவுவது பாளையரிவாள். பல் வைத்துக் கருக்கிட்டது கருக்கரிவாள். தமிழன் தன் வாள்களை வகைப்படுத்தும்போது வடிவத்தைக் காட்டிலும் வினையையே பெரிதும் நோக்கினான் என்பது இவற்றால் தெளிவாகும். அரி, அறு, ஈர், கொய், சீவு, வெட்டு, கொத்து, தறி, துணி, குத்து என்று கையசைவுகளை இத்துணை நுட்பமாகப் பிரித்துப் பெயரிட்ட மொழிக்கு, கருவியின் பெயரிலும் அவ்வசைவே முன்வந்து நிற்பது இயல்பு.

வடிவத்தால் பெயர் பெற்றதும் ஒன்று உண்டு, அது கொடுவாள். ‘கொடு’ என்பதற்கு வளைவு என்பதே அடிப்பொருள். நேராக நிற்பது செங்கோல், வளைந்தது கொடுங்கோல். வளைவிலிருந்து நேர்மையின்மையும், அதிலிருந்து கொடுமையும் பிறந்தன. கொங்கு நாட்டில் கொடுவாளும் யாழ்ப்பாணத்தில் கொடுவாக்கத்தியும் இன்றளவும் விறகு வெட்டும் எளிய கருவிகளே. கொடுமைக்கு அங்கே வேலையில்லை.

‘அருவாள்’ என்று பேச்சில் வருவதைச் சில ஆசிரியர்கள் கொச்சை என்று அடித்துத் திருத்துகின்றனர். எழுத்தில் அரிவாள் என எழுதச் சொல்வது முறையே. ஆயினும் இதழொலியாகிய வகரத்தின் முன் இகரம் உகரமாகக் குவிவது தமிழ்ப் பேச்சில் காணும் ஒழுங்கான மாற்றம் என்பதையும், பிட்டு புட்டானதும் பிள்ளை புள்ளையானதும் இதழொலியின் அயலில் நேர்ந்த அதே வகை மாற்றம் என்பதையும் மாணவர்க்கு உடன் சொல்லலாம். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ‘தல்வார்’ என்னும் வடநாட்டு வளைவாளின் பெயர் ‘தலைவாள்’ என்பதிலிருந்து வந்தது என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். அது ‘தரவாரி’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. நம் மொழிக்குப் பெருமை சேர்க்க இத்தகைய கடன்கள் தேவையில்லை.

இனி வளைவு. வளைவாள் என்றதும் எல்லாரும் வளைவின் அளவையே நோக்குகின்றனர். நாம் முதலில் நோக்க வேண்டுவது வாயின் திசை. கூர்விளிம்பை ‘வாய்’ என்பது தமிழ் வழக்கு. வளைவின் வெளிப்புறத்தில் வாய் அமைந்தவை ஒரு குலம்: பாரசீகத்தின் சம்ஷீர், வடநாட்டுத் தல்வார், துருக்கியின் கிலிஜ், ஐரோப்பியக் குதிரைப்படையின் சேபர், சப்பானின் கட்டானா ஆகியவை இதிற்சேரும். வளைவின் உட்புறத்தில் வாய் அமைந்தவை மற்றொரு குலம்: நம் அரிவாள், கதிரரிவாள், குடகு நாட்டார் இடுப்பின் பின்புறம் செருகும் ஒடிக்கத்தி, நேபாளத்தாரின் குக்குரி, இத்தீபகற்பத்திலும் சுமத்திராவிலும் புலிநகம்போல் வளைந்து வரும் கெரம்பிட் ஆகியவை. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் பிறைதான். கையில் எடுத்தால் ஒன்றுக்கொன்று எதிர்.

புறவாய் வாள் ஏன் வெட்டுகிறது என்பதை விளக்கத் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதை உதவும். மலையை நேர்மேலாக ஏறினால் சரிவு கடுமை. சாய்ந்து சுற்றி ஏறினால் அதே மலையின் சரிவு குறைகிறது. வாளின் வாயும் ஓர் ஆப்பு. நேராக அழுந்தினால் அதன் முழுத் தடிப்பும் எதிர்நிற்கும். வாய் சாய்ந்து வழுக்கிக்கொண்டே புகுந்தால் அதே ஆப்பு மெலிந்ததாகிவிடும். 30 பாகைக் கோணமுள்ள வாய், 45 பாகை சாய்ந்து இழுக்கப்படும்போது ஏறத்தாழ 22 பாகை வாய்போல் வேலை செய்யும். நேர்வாள் ஏந்தியவன் இவ்விழுப்பைத் தன் கையால் உண்டாக்க வேண்டும். புறம் வளைந்த வாளில் வளைவே அதனைச் செய்துவிடுகிறது. குதிரைமேல் விரைபவனுக்கு இது பெரும் நன்மை. வெட்டுண்ட இடத்தில் வாள் சிக்காமல் வழுக்கி வெளியேறிவிடும்.

வளைவை அளக்கும் முறை எளிது. பிடியின் அடியிலிருந்து முனைவரை ஒரு நூலைக் கட்டுக, அது நாண். நாணுக்கும் வாளின் முதுகுக்கும் இடையில் மிகுந்த இடைவெளி எங்குள்ளதோ அது வளைவின் ஆழம். நாண் 75 செ.மீ., ஆழம் 3 செ.மீ. எனக் கொண்டால், அவ்வளைவு ஏறத்தாழ 236 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் துண்டாகும். ஆழம் 9 செ.மீ. ஆனால் ஆரம் 83 செ.மீ. அளவிற்குச் சுருங்கும். கணக்காசிரியர்கள் இதனை வகுப்பில் செய்து காட்டலாம். ஆனால் மெய்யான வாள்கள் ஒரே வட்டத்தின் துண்டுகளாக இருப்பதில்லை. சம்ஷீர் பிடியருகே சற்று நேராகச் சென்று, பின் ஆழ்ந்து வளையும். கிலிஜ் முனையருகே அகன்று கனக்கும். வளைவு எங்குத் தொடங்குகிறது என்பது அதன் ஆழத்தைப் போலவே கையாளுதலைத் தீர்மானிக்கிறது. ஆழ வளைந்த சம்ஷீரில் முனை, கையின் நேர்கோட்டை விட்டு வெகுவாக விலகிவிடுவதால் குத்துவது கடினம். அளவாக வளைந்த சேபரால் வெட்டவும் குத்தவும் இயலும். கட்டானாவின் வளைவோ பெரும்பகுதி நெருப்பும் நீரும் தந்தது. வாய்ப்புறம் மெல்லிய களிமண்ணும் முதுகுப்புறம் தடித்த களிமண்ணும் பூசி, காய்ச்சி நீரில் தோய்க்கும்போது வாய்ப்புறம் கடினமாகி விரிகிறது. அதனால் வாள் முதுகுப்பக்கம் வளைந்துகொள்கிறது. சப்பானிய ஆட்சிக் காலத்தைக் கண்ட நம் முதியோர் அதிகாரிகளின் இடையில் தொங்கிய அவ்வாளை மறந்ததில்லை.

பிடியையும் மறக்கலாகாது. தல்வாரின் பிடி நுனியில் ஒரு வட்டத்தகடு இருக்கும். அதனைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை முன்னே நீட்ட முயன்றால் தகடு மணிக்கட்டில் இடிக்கும். ஆகவே தோளிலிருந்து கையை வீசி, வாளை உடலை நோக்கி இழுத்தறுப்பதே அப்பிடிக்கு ஏற்ற அசைவு. ‘ஈர்தல்’ என்னும் நம் பழைய வினை இதற்குப் பொருந்துவதுபோல் வேறு எந்தச் சொல்லும் பொருந்தவில்லை.

இங்கு ஓர் ஐரோப்பியச் சான்று பயன்படும். குதிரைப்படை அதிகாரியான நோலன் 1853இல் வெளியிட்ட நூலில், ஐதராபாத்து நிசாமின் குதிரைவீரர் வெட்டிய வெட்டுகளைக் கண்டு வியந்து, அவர்கள் வாள்களை ஆராய்ந்ததாக எழுதுகிறார். அவை ஆங்கிலப் படை கழித்துவிட்ட பழைய சேபர்களின் அலகுகளே. வீரர் அவற்றை மயிர்க்கத்திபோல் தீட்டி, வேறு பிடியிட்டு, மர உறையில் வைத்திருந்தனர். ஆங்கிலேயர் வைத்திருந்த இரும்புறையோ, உருவும்போதும் செருகும்போதும் வாயை மழுக்கிவிடும். அலகு ஒன்றே, வளைவு ஒன்றே, விளைவு வேறு. வளைவை மட்டும் புகழ்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அலகின் இரும்புக்கும் நம் பக்கத்துக் கதை உண்டு. ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்று வழங்கிய உருக்கினைப் பற்றி 1795இல் சியார்ச் பியர்சன் இலண்டன் அரசக் கழகத்தில் ஆய்வுரை வழங்கினார். அப்பெயர் கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்கும் ‘உக்கு’ என்பதன் திரிபு என்பர். தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகுக் கட்டிகள் பாரசீகத்துக்குச் சென்று, நீரோட்ட வரிகள் ஓடும் சம்ஷீர்களாக வடிக்கப்பட்டன. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய சான்றுகள் அகழ்வில் கிடைத்துள்ளன. ஆயினும் எஃகு நமதாயிற்றே, வளைவும் நமதே என்று தாவிவிடக்கூடாது. புறவாய் ஆழ்வளைவு நடு ஆசியக் குதிரைவீரரோடு மேற்கிலும் தெற்கிலும் பரவியது. தமிழகத்திற்கு அது பிற்காலத்து வரவு.

தமிழகத்தின் பழைய சான்றுகள் எவை? செங்கம் பகுதி நடுகற்களில் வீரன் ஒரு கையில் வில்லும் மறுகையில் குறுவாளும் ஏந்தி நிற்கிறான். புடைப்புச் சிற்பத்தில் வாயும் முதுகும் வேறுபடத் தெரிவதில்லை; ஆதலால் கல்லும் சொல்லைப் போலவே நம்மைப் பாதிவழியில் விட்டுவிடுகிறது. வாட்பயிற்சி தனித் தொழிலாக இருந்ததற்கு ஏனாதிநாத நாயனார் வரலாறு சான்று. எயினனூரில் அவர் வாழ்ந்ததே வாள்வித்தை கற்பித்த வருவாயில்தான். வளரி என்னும் வளைதடி எறிபடை. அதன் வளைவு வேறு கணக்கு. சின்ன மருது தமக்கு வளரி எறியக் கற்றுத்தந்ததை ஆங்கிலத் தளபதி வெல்சு தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். 1801இல் மருதிருவர் தூக்கிலிடப்பட்டனர். பாளையக்காரர் நாட்டில் படைக்கலம் ஏந்துவது தடை செய்யப்பட்டது. மறு ஆண்டில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதின்மருக்கு மேற்பட்டோர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். போர்வாள் பறிக்கப்பட்ட ஊர்களில் எஞ்சியது வேளாண் கருவியாகிய அரிவாளே.

அந்த அரிவாள் அகவாய்க் குலத்தது. உள்வளைவு, வெட்டப்படும் பொருளை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். கிளையோ கதிரோ வழுக்கி ஓட இடம் தராது. எடை பிடியைவிட்டு முன்னே தள்ளி நிற்பதால் வீச்சின் வேகம் முழுவதும் கொக்கிப் பகுதியில் இறங்குகிறது. வெட்டிய பின் இழுத்தால் மேலும் அறுக்கும். மற்றொரு வாளைத் தடுத்து ஏற்பதற்கு இது ஏற்றதன்று. பிடியில் கைக்காப்பும் இல்லை. சிவகங்கைப் பக்கத்துத் திருப்பாச்சேத்திக் கொல்லர்கள் இக்காலத்தில் பாரவண்டியின் வில்தகட்டைக் காய்ச்சி அடித்து இதனைச் செய்கின்றனர். திரைப்படங்கள் வீச்சரிவாளை ஆளுயரத்திற்கு வளர்த்துவிட்டன. அந்நீளத்தில் உண்மையாக ஒன்று செய்தால் இரண்டாவது வீச்சுக்குத் தோள் இடங்கொடாது.

இவ்வரிவாளே தோட்டப்புறங்களுக்கு நம் முன்னோருடன் வந்தது. கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட இரப்பர் கன்றுகளுள் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அதன் பின்வந்த பெருந்தோட்டங்களில் காலையில் பால்மரம் சீவும் கத்தி, மாலையில் மாட்டுக்குப் புல்லறுக்கும் அரிவாள் என இரண்டு வாய்கள் ஒரே கையில் புழங்கின. சீவும் கத்தியின் அலகு சிறிது. நுனியில் மடிந்து கோணமாக நிற்கும். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் சாய்கோட்டில் பட்டையை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புக்கு இழுத்துச் சீவவேண்டும்; உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் காயம், காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். உலகின் எந்த வாட்பயிற்சியிலும் இத்துணை அளவான கையைக் காண்பது அரிது என்றால் அது மிகையாகாது. இங்கு ‘வெட்டு’ என்ற சொல் இருந்தும், தேர்ந்தவர்கள் ‘சீவு’ என்றே சொன்னதைக் கேட்டிருக்கிறோம்.

மலாய்க்காரரின் பாராங், அரிவாளினின்று வேறுபட்டது. அதன் வாய் வெளிப்பக்கத்தில், நேராகவோ சற்றே புடைத்தோ அமையும். எடை முன்னே நிற்பதில் மட்டும் இரண்டும் ஒன்று. இன்று நம் நாளேடுகள் எதையும் ‘பாராங் கத்தி’ என்கின்றன. பாராங் என்பதே கத்திதான். மேலும் கோயில் அரிவாளும் குற்றவாளியிடம் பிடிபட்ட அரிவாளும் ஒருசேர பாராங் ஆகிவிடுவதால், அகவாய்க்கும் புறவாய்க்கும் இருந்த வேறுபாடு மாணவர் மனத்தில் பதியாமலே போகிறது. கிரிஸ் இவ்விரண்டிலும் சேராதது. பேராக் அரச சின்னங்களுள் ஒன்றான ‘தாமிங் சாரி’யும் கிரிஸே. அது குத்துவாள், நெளிவுகள் எப்போதும் ஒற்றைப்படை எண்ணில் அமையும், நேரான கிரிஸ்களும் பலவுண்டு.

இவ்வேறுபாடு தோட்டக் கோயில்களில்தான் மிகவும் வேண்டப்படுகிறது. மதுரைவீரன் குதிரைமேல் வருபவன். திருமலை நாயக்கர் காலத்தோடு இணைத்துச் சொல்லப்படும் கதையுடையவன். அவன் கையில் இருப்பது குதிரைவீரனின் புறவாய் வாள். கருப்பர் நிலத்தில் நின்று ஊர் காப்பவர். அவர் ஓங்கி நிற்பது அகவாய் அரிவாள். போரிட வந்த இரும்பும் உழவிலிருந்து எழுந்த இரும்பும் ஒரே பந்தலின்கீழ் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நிலம் விற்கப்பட்டுத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறியபோது பல சன்னிதிகள் இடம் பெயர்ந்தன. புதிய இடத்தில் சிமிட்டியால் உருவம் செய்து வண்ணம் தீட்டுவோர், நாட்காட்டிப் படத்தையோ திரைப்படத்தையோ பார்த்துச் செய்கின்றனர். கருப்பர் கையில் வாய் வெளிப்புறம் திரும்பிய வாளும், வீரன் கையில் அரிவாளும் வந்துவிட்டதை ஈப்போவைச் சுற்றியுள்ள சில இடங்களில் நாம் கண்டோம். பழைய இரும்பு அரிவாள்கள் கோயில் பின்கட்டில் துருவேறிக் கிடக்கின்றன. அடித்த கொல்லன் யார், அதனை என்ன பெயரிட்டு அழைத்தனர் என்று சொல்லக்கூடியவர்கள் எண்பதைக் கடந்துவிட்டனர்.

ஆகவே பேராக்கின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக்கு அருகில் பழைய தோட்டக் கோயில் இருப்பின், பூசாரியின் இசைவு பெற்று, பெரியவர் ஒருவர் எடுத்து வைக்க, மாணவர்கள் அரிவாளின் வடிவத்தைத் தாளில் வரைந்துகொள்ளட்டும். நாணையும் ஆழத்தையும் அளந்து எழுதுக. வாய் அகமா புறமா என்று குறிக்க. பெரியவர் அதனைத் தம் விரல்மேல் நிறுத்திப் பார்த்து, எடை சமன்படும் இடம் பிடியிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதையும் சொல்லட்டும். பின் ஊரில் மூத்தவரிடம் அதன் பெயரைக் கேட்பதோடு நின்றுவிடாமல், அதைக்கொண்டு என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். அவர் வாயில் வரும் வினைச்சொல்லை அவர் சொன்னபடியே, அருவாள் என்றால் அருவாள் என்றே, எழுதுக. ஏட்டின் தலைப்பில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு, தொழிலாளர் அதற்கு இட்டு வழங்கிய தமிழ்ப் பெயரும் இருக்கட்டும். அப்பெயர்களும் எந்த வரைபடத்திலும் ஏறாதவை.